பாடசாலைக்குப் பின்னர்: உயர்தர மாணவரின் எதிர்காலத் திட்டமிடல் பற்றிய ஒரு சமூக நோக்கு

பதின்மூன்று ஆண்டுகளைப் பாடசாலையிற் கழித்த மாணவர் ஒருவர் அதன் வாயிலைக் கடந்து வெளியேறும் வேளையில், அடுத்து யாது செய்வது என்னும் வினாவுக்கு விடைகாண அவருக்கு உதவ வேண்டியது யாருடைய கடமை? பெற்றோருடையது என்பர் சிலர். ஆசிரியருடையது என்பர் வேறு சிலர். தொழில் வழிகாட்டல் என்ற பெயரிற் பாடசாலைகளிலே கருத்தரங்குகளும் நடத்தப்படுகின்றன. இலக்கை நிர்ணயித்துக்கொள், இடைவிடாது உழை, வெற்றி உனதே என்பதே அவற்றிற் பெரும்பாலானவற்றின் சாரமாகும். இவ்வறிவுரையிற் பாதி உண்மை உண்டு. மறு பாதியை அது மறைத்துவிடுகின்றது. மாணவர் தமது வழியைத் தெரிவு செய்கின்றனர் என்பது மெய்யே. ஆயின், அத்தெரிவுக்குரிய எல்லைகள் அவர்கள் பரீட்சை மண்டபத்துட் புகுவதற்கு நெடுங்காலம் முன்னரே வரையப்பட்டுவிடுகின்றன.

உயர்தர மாணவர்க்கு நாம் வழங்கும் உதவி பயனுடையதாக அமைய வேண்டுமாயின், அது இவ்வெல்லைகளை மறைக்காமல் அவர்களுக்கு விளக்குவதாக இருத்தல் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும். இதனை நிறுவுவதற்கு, எமது கல்விக்கும் உத்தியோகத்துக்கும் இடையே வரலாற்று ரீதியாக ஏற்பட்ட பிணைப்பை முதலில் நோக்குவோம். பின்னர் இன்று மாணவர் முன்னுள்ள வழிகளை ஆராய்ந்து, ஈற்றில் உதவி எவ்வாறு அமையலாம் என்பதைக் கூறுவோம்.

1. கல்வியும் உத்தியோகமும்

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்னும் யாழ்ப்பாணத்துப் பழமொழியை நகைச்சுவையாகவே பலரும் எடுத்தாளுவர். அது ஒரு வரலாற்று அனுபவத்தின் சுருக்கம் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிற் செமினறியைத் தொடங்கினர். 1833இன் கோல்புறூக் சீர்திருத்தங்கள் ஆங்கிலங் கற்ற சுதேசிகளுக்கு அரசாங்க சேவையின் கீழ்ப்படிகளைத் திறந்துவிட்டன. குடியேற்ற ஆட்சிக்கு எழுதுவினைஞர் தேவைப்பட்டனர்; பாடசாலைகள் அவர்களை உருவாக்கிக் கொடுத்தன. நீரும் நிலமும் குறைந்த குடாநாட்டின் நடுத்தர விவசாயக் குடும்பங்களுக்கு இக்கல்வி ஒரு புதிய விளைநிலமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் வேலை பெற்றுச் சென்றோர், ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது ‘மலாயன் பென்சனியர்’ என்ற ஒரு சமூகப் படிவமே எம்மிடையே உருவாகியிருந்தது.

இப்பின்புலத்தில் சி. வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்வு சிந்தனைக்குரியது. வட்டுக்கோட்டையிற் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறி, தமிழகத்தில் அரச உத்தியோகம் வகித்தவர் அவர். அவருடைய பட்டம் அவருக்குச் சம்பளத்தை ஈட்டிக் கொடுத்தது. ஆனால் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தமை போன்ற, தமிழுலகம் அவரை இன்றும் நினைவுகூருவதற்குக் காரணமான பணிகள் அவ்வுத்தியோகத்துக்கு வெளியே நிகழ்ந்தவை. கல்வியின் பயனும் உத்தியோகத்தின் பயனும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனினும் எமது சமூகம் அவருடைய பட்டத்தையே முன்மாதிரியாகக் கொண்டது. பட்டத்துக்கு அப்பால் அவர் ஆற்றிய உழைப்பை முன்மாதிரியாகக் கொள்ளவில்லை.

1945இற் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அவர் காலத்தில் நாட்டின் பல பாகங்களிலும் எழுந்த மத்திய பாடசாலைகளும், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவைத் திறந்தன. இதன் முற்போக்குத் தன்மையை யாரும் மறுத்தல் இயலாது. ஆயின் கல்வி விரிந்த வேகத்திற் பொருளாதாரம் விரியவில்லை. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் ஏற்றுமதியிலே தங்கியிருந்த பொருளாதார அமைப்பு, கற்ற இளைஞருக்கு அளிக்கக்கூடிய வேலைகள் குறைவாகவே இருந்தன. தமிழ் இளைஞரைப் பொறுத்தவரை 1956இன் அரச கரும மொழிச் சட்டம் அக்குறைந்த வாய்ப்புகளையும் மேலுஞ் சுருக்கிற்று. 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலையும் நெருக்கடிக்குள்ளாக்கியது. எமது அண்மைக்கால அரசியல் வரலாற்றின் பல துயரங்களுக்கு, பாடசாலையை விட்டு வெளியேறிய இளைஞரின் இந்நிலைமை ஒரு தோற்றுவாயாக அமைந்தது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

2. எழுபதுகளின் அனுபவம்

1971 ஏப்ரலில் நிகழ்ந்த கிளர்ச்சியில் ஈடுபட்டோரிற் பெருந்தொகையினர் தென்னிலங்கைக் கிராமங்களைச் சேர்ந்த, படித்தும் வேலையற்றிருந்த இளைஞராவர். அதே ஆண்டிற் சர்வதேசத் தொழில் தாபனத்தின் சார்பில் டட்லி சியேர்ஸ் தலைமையிலான குழு இந்நாட்டின் வேலையின்மையை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தது. கிடைக்கக்கூடிய வேலைகளுக்கும் இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் இடையிலான பொருத்தமின்மை அவ்வறிக்கையின் முக்கியமான கருத்தாகும். இக்கருத்துப் பின்னர் எளிமைப்படுத்தப்பட்டு, இளைஞர் வெள்ளைச் சட்டை வேலையையே விரும்புகின்றனர் என்ற குற்றச்சாட்டாக மாறிற்று. எதிர்பார்ப்பு என்பது வானத்திலிருந்து விழுவதன்று. உடலுழைப்புக்குக் குறைந்த கூலியும் குறைந்த மதிப்பும், எழுதுகோலுக்கு ஓய்வூதியமும் மரியாதையும் வழங்கும் ஒரு சமூகத்தில் எழுதுகோலை விரும்புதல் அறியாமையன்று; அது அச்சமூகத்தைச் சரியாகப் புரிந்துகொண்டமையின் வெளிப்பாடேயாகும்.

1972இன் கல்விச் சீர்திருத்தங்கள் இச்சிக்கலைப் பாடவிதானத்தின் மூலந் தீர்க்க முயன்றன. ‘தொழில்முன்னிலைப் பாடங்கள்’ புகுத்தப்பட்டன. மீன்பிடி, மட்பாண்டம் முதலான உள்ளூர்த் தொழில்கள் பாடசாலைக்குள் வந்தன. கையையும் மூளையையும் இணைக்க வேண்டும் என்ற இலட்சியம் எமக்கு உவப்பானதே. ஆயினும் 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அத்திட்டங் கைவிடப்பட்டு, பழைய சாதாரணதரப் பரீட்சை மீண்டும் வந்தது. ஆட்சி மாற்றம் மட்டுமே இதற்குக் காரணமன்று. குலத்தோடு தொழில் பிணைக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தில், எத்தொழிலிலிருந்து தம் பிள்ளை விடுபட வேண்டும் என்று ஒரு தாய் பாடசாலைக்கு அனுப்பினாளோ, அத்தொழிலையே பாடசாலை மீண்டுங் கற்பிப்பதாகத் தோன்றின் அவள் அதனை எவ்வாறு வரவேற்பாள்? நகரத்துப் பெரிய கல்லூரிகளின் மாணவரோ அப்பாடத்தை ஒரு சடங்காகவே கற்றுத் தம் வழியே சென்றனர். தொழிற் கல்வி ஏழையின் பிள்ளைக்கும், உயர் கல்வி மற்றவர் பிள்ளைக்கும் எனப் பிரிந்து நிற்கும் வரையில் எந்தத் தொழிற் கல்வியும் மதிப்புப் பெறுவதில்லை என்பதே இவ்வனுபவம் எமக்குத் தரும் பாடமாகும்.

3. பல்கலைக்கழக வாயில்

இன்றைய நிலைமைக்கு வருவோம். அண்மைய ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழக அனுமதிக்குரிய குறைந்தபட்சத் தகைமையைப் பெறுவோர் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோராவர். அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெறுவோர் ஏறத்தாழ 40 ஆயிரத்தினரே. எனவே தகைமை பெற்ற நால்வருள் மூவர் வெளியே நிற்பது அவர்களுடைய சோம்பலால் அன்று. இடங்களின் தொகையால் ஆகும். எல்லோரும் இரவு பகலாகப் படித்து எல்லோரும் உயர்ந்த புள்ளிகளைப் பெறினும் உள்ளே செல்வோர் தொகை கூடப்போவதில்லை, வெட்டுப்புள்ளிதான் உயரும். இந்த எளிய கணக்கை மாணவர்க்குச் சொல்லாத வழிகாட்டல், தோல்வியைத் தனிமனிதரின் குற்றமாக்கிவிடுகின்றது.

இசட் புள்ளி முறைமையும் பலருக்கு மர்மமாகவே உள்ளது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் சராசரியைக் கழித்து, புள்ளிகளின் பரம்பலைக் காட்டும் நியம விலகலால் வகுத்துப் பெறுவது அப்பாடத்துக்குரிய இசட் புள்ளியாகும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளது சராசரியே அனுமதிக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. ஆகவே, இலகுவான பாடத்தை எடுத்து அதிக புள்ளி பெற்றுவிடலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் பயனற்றது. அப்பாடத்தில் ஏனையோரும் அதிக புள்ளி பெறின் சராசரியும் உயரும். தன்னோடு தோற்றியோருள் தான் எங்கு நிற்கின்றேன் என்பதே இங்கு கணக்கில் எடுக்கப்படுகின்றது.

பெரும்பாலான பாடநெறிகளுக்கு இடங்களின் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. நுவரெலியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகியன இறுதியாகக் குறிப்பிட்ட வகையைச் சார்ந்தவை. சமமற்ற வசதிகளுக்கு ஈடு செய்யும் ஓர் ஏற்பாடு தேவையே. ஆனால் மாவட்டம் என்பது வர்க்கமன்று. நுவரெலிய நகரத்து உத்தியோகத்தரின் பிள்ளையும், மலையுச்சித் தோட்டமொன்றின் லயன் அறையிலிருந்து பல மைல் நடந்து வரும் பிள்ளையும் இவ்வேற்பாட்டில் ஒரே மாவட்டத்தினராகவே எண்ணப்படுகின்றனர். பின்தங்கிய மாவட்டத்துக்கென ஒதுக்கப்பட்ட இடம் அம்மாவட்டத்தின் பின்தங்கியோரைச் சென்றடையும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

இவை யாவற்றுக்கும் முந்திய தெரிவு ஒன்றுண்டு. நாட்டில் ஏறத்தாழ 10 ஆயிரம் அரச பாடசாலைகள் உள்ளன. உயர்தரத்தில் விஞ்ஞானத் துறை உட்பட அனைத்துத் துறைகளையுங் கற்பிக்கும் ‘1 ஏபி’ வகைப் பாடசாலைகள் அவற்றுட் பத்தில் ஒரு பங்கு அளவினவே. கிராமத்தின் ‘1 சீ’ வகைப் பாடசாலையிற் கற்கும் மாணவிக்குக் கலையும் வர்த்தகமுமே உண்டு. பதினாறு வயதில் அவள் கலைப்பிரிவைத் ‘தெரிவு செய்தாள்’ என்று நாம் எழுதுகின்றோம். உண்மையில், விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையும், நகரத்து விடுதிக்குப் பணம் செலுத்த இயலாத குடும்பமும், தூரத்துக்குப் பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கும் ஊரும் சேர்ந்து அவளுக்காகத் தெரிவு செய்துவிட்டன. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டமை புதிய வாய்ப்பொன்றை அளித்தது எனினும், ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள இடத்திலேயே அவ்வாய்ப்பும் பொருளுடையதாகின்றது.

4. ஏனைய வழிகள்

பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிற்கும் பெரும்பான்மையினருக்கு உள்ள வழிகளை மாணவர் பலரும் பெறுபேறு வெளிவந்த பின்னரே, அதுவும் அரைகுறையாகவே, அறிகின்றனர். அவற்றுட் சிலவற்றைத் தொகுத்துக் கூறுதல் பயனுடைத்து.

தேசிய கல்வியியற் கல்லூரிகள் உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில் மாணவரைத் தெரிந்து, கட்டுறுப் பயிற்சி உட்பட மூன்றாண்டுக் காலத்தில் ஆசிரியராக்குகின்றன. உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனம் யாழ்ப்பாணம், திருகோணமலை, சம்மாந்துறை முதலிய இடங்களிற் கணக்கியல், தகவல் தொழினுட்பம், பொறியியல் போன்ற துறைகளில் உயர் தேசிய டிப்ளோமாக்களை வழங்குகின்றது. 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்துகொண்டே கற்க விரும்புவோருக்கு உரியது; உயர்தரத்திற் சித்தியடையாதவரும் அடிப்படைக் கற்கைநெறியைப் பயின்று அதன் வழியே மேற்செல்ல இடமுண்டு.

தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, தொழினுட்பக் கல்லூரிகள் ஆகியவை அளிக்கும் பயிற்சிகள் தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழு படிகள் கொண்ட ஏணியில் இணைக்கப்பட்டுள்ளன. முதல் நான்கு படிகள் கைவினைத் திறனுக்கான சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழாவது பட்டத்துக்குச் சமமானது. 2008இன் சட்டத்தால் அமைக்கப்பட்ட தொழினுட்பவியற் பல்கலைக்கழகம் இவ்வேணியின் உச்சியில் உள்ளது. மின்னிணைப்பாளராகவோ ஒட்டுநராகவோ தொடங்கும் ஒருவர் பட்டம் வரை செல்வதற்குச் சட்டப்படி வழியுண்டு என்பதைப் பெற்றோர் பலர் அறியார். கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வன்னி இளைஞருக்கு அருகிலேயே உள்ள ஒரு வாய்ப்பாகும்.

இவ்வழிகளை அறிமுகஞ் செய்யும்போது மிகைப்படுத்தல் ஆகாது. தமிழ்மொழி மூலம் நடைபெறும் பயிற்சிநெறிகள் போதாமை மலையக இளைஞருக்குப் பெருந்தடையாக உள்ளது. பயிற்சிக் காலத்திற் குடும்பத்துக்கு வருமானம் இல்லை. 1978இன் பின்னர் தோன்றிய சுதந்திர வர்த்தக வலயங்களின் ஆடைத் தொழிற்சாலைகள், படித்த கிராமப் பெண்களின் உழைப்பை உடனடிக் கூலிக்கு வாங்கிக்கொள்கின்றன. வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் ஊர் தோறும் உளர். பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022இல் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழிலுக்காக நாட்டை விட்டு வெளியேறினர். புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் பணத்தில் வளர்ந்த வடபுலத்து மாணவர் பலருக்கு உயர்தர வகுப்பே ஒரு காத்திருப்பு அறையாகிவிட்டது. இந்நிலையிற் பயிற்சியில் ஈராண்டு செலவிடு என்று சொல்வது எளிது. அவ்வீராண்டு அந்தக் குடும்பம் எவ்வாறு உண்ணும் என்று கேட்பதே பொறுப்புள்ள வழிகாட்டலாகும்.

5. உதவியின் தன்மை

மேற்கூறியவற்றின் அடிப்படையில், உயர்தர மாணவர்க்கான உதவி எக்காலத்தில், எவ்வகையில் அமையலாம் என்பதைச் சுருக்கமாக நோக்குவோம்.

முதலாவதாக, உதவி சாதாரணதரப் பரீட்சைக்கு முன்னரே தொடங்க வேண்டும். பாடத் தெரிவு முடிந்த பின் அளிக்கப்படும் ஆலோசனை பெரும்பாலும் ஆறுதலாகவே முடிகின்றது. எப்பாடத் தொகுதி எக்கற்கைநெறிக்கு இட்டுச்செல்லும், எதற்கு வழியை அடைக்கும் என்பதை மாணவரும் பெற்றோரும் ஒருங்கே அமர்ந்து அறிதல் வேண்டும்.

இரண்டாவதாக, பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடைப்பட்ட மாதங்கள் வீணாகக் கழியலாகாது. இக்காலத்தில் ஒவ்வொரு மாணவரும் மூன்று வழிகளையேனும் எழுதி வைத்தல் நன்று: எதிர்பார்க்கும் பெறுபேறு கிடைத்தால் செல்லும் வழி, சற்றுக் குறைந்தால் செல்லும் வழி, சித்தியெய்தாவிடிற் செல்லும் வழி. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தகைமை, செலவு, மொழிமூலம், விண்ணப்பிக்கும் காலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழியை எழுதுதல் அபசகுனம் என்று கருதும் பெற்றோர் உளர். பெறுபேறு வெளிவரும் நாளில் ஒரு பிள்ளை தன் முன்னே வெறுமையை மட்டும் காணாதிருக்க அவ்வெழுத்தே துணையாகும்.

மூன்றாவதாக, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் மும்மொழியிலும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலை வாசிக்கப் பழக்குதல் வேண்டும். கற்கைநெறிகளை எவ்வொழுங்கில் விண்ணப்பத்தில் நிரற்படுத்துகின்றோம் என்பது கிடைக்கும் இடத்தை நிர்ணயிக்கின்றது. இதனை அயலவர் சொற்கேட்டு நிரப்பிப் பின்னர் வருந்துவோர் பலர். வசதியற்ற குடும்பத்தினர்க்கு மகாபொல புலமைப்பரிசில், நிதியுதவி ஆகியவை பற்றிய தகவலும் இத்துடன் சேர வேண்டும். செலவுக்கு அஞ்சி, கிடைத்த அனுமதியையே கைவிட எண்ணும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

நான்காவதாக, மீண்டுந் தோற்றுதல் பற்றித் தெளிவான உரையாடல் அவசியம். அனுமதிக்காக மூன்று தடவை வரையே தோற்றலாம். சிலருக்கு இரண்டாந் தடவை நியாயமானது. வேறு சிலருக்கு அது ரியூட்டரிகளின் வருவாயை மட்டுமே பெருக்குவது. முதல் தடவையின் இசட் புள்ளிக்கும் விரும்பும் நெறியின் கடந்த ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்து, எத்தனை ஆண்டுகளை இதற்கு ஈடாக வைக்கின்றோம் என்று கணக்கிட்டே முடிவு செய்தல் வேண்டும். பதினெட்டு வயது முதல் இருபத்தொரு வயது வரையான ஆண்டுகள் எவராலும் திருப்பிக் கொடுக்கப்படாதவை.

6. எமது பொறுப்பு

ஈழத்துச் சிறுகதைகளிலும் நாவல்களிலும் வேலையற்ற படித்த இளைஞன் நீண்டகாலமாக உலவி வருகின்றான். அவன் மீது எமது எழுத்தாளர்கள் இரக்கங் காட்டினர். முற்போக்கு எழுத்தாளர் அவன் நிலைக்குக் காரணமான அமைப்பைச் சாடினர். அவ்விலக்கியத்தைப் பல்கலைக்கழகத்திற் பாடமாகக் கற்பிக்கும் நாமோ, அதே வகையான இளைஞரை ஆண்டுதோறும் பட்டமளித்து வெளியே அனுப்புகின்றோம். கலைப்பட்டம் பெற்று ஆசிரிய நியமனத்துக்காகக் காத்திருப்போருள் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றோரும் உளர். தமிழ்த் துறையைச் சார்ந்த நாம் இதிலிருந்து விலகி நின்று பேசும் உரிமையற்றவர்கள். தமிழ் கற்றவர் ஆசிரியராக மட்டுமன்றி மொழிபெயர்ப்பாளராகவும் பதிப்பாளராகவும் ஆவணக் காப்பகப் பணியாளராகவும் உருவாக, எமது பாடநெறியும் மாறவேண்டியுள்ளது. இரு அரச கரும மொழிகளைக் கொண்ட இந்நாட்டில் நல்ல மொழிபெயர்ப்பாளருக்குத் தேவை இருந்துகொண்டேயிருக்கின்றது.

வழிகாட்டலால் மட்டும் இடங்கள் கூடப்போவதில்லை, வேலைகள் பிறக்கப்போவதில்லை. அவை அரசியற் போராட்டத்தாலும் பொருளாதார மாற்றத்தாலும் ஆகவேண்டியவை. அதுவரை தனிமாணவர்க்கு உதவுவது வீண் என்று வாதிடும் தோழர்களும் எம்மிடையே உளர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. அமைப்பை மாற்றும் வரை ஒரு தலைமுறையைக் காத்திருக்கச் சொல்ல எமக்கு உரிமையில்லை. மேலும், தன் தோல்விக்குத் தன் மூளையே காரணம் என்று நம்பும் இளைஞர் எந்த அமைப்பையும் மாற்ற எழுந்திருக்கப்போவதில்லை. தான் நிற்கும் இடத்தின் சமூகக் காரணங்களை அறிந்தவர், தனக்குரிய வழியையும் தேடுவார். தன் பின்னே வருவோருக்காகக் கேள்வியும் எழுப்புவார்.

ஆதலால் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் உறுப்பினருக்கு ஒரு சிறு வேலைத்திட்டத்தை முன்வைக்கின்றோம். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தாம் கற்ற பாடசாலைக்கு ஒரு நாளேனும் செல்லட்டும். தாம் எவ்வாறு வென்றோம் என்ற கதையை விடுத்து, அனுமதிக் கைந்நூலையும் ஏனைய நிறுவனங்களின் விண்ணப்ப விபரங்களையும் கையிற் கொண்டு செல்லட்டும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கெட்டிக்கார மாணவரோடு மட்டும் பேசித் திரும்பாமல், கடைசி வாங்கில் இருப்போரின் கேள்விகளுக்கும் காத்திருந்து விடை கூறட்டும். இலவசக் கல்வி எம்மை இங்கு அனுப்பியது. எம்மோடு அதே வகுப்பில் அமர்ந்திருந்து இங்கு வரமுடியாது போனோருக்கு நாம் பட்டிருக்கும் கடனிற் சிறிதேனும் இவ்வாறு தீரக்கூடும்.